கித்தாக்காட்டு வழியே 300 கிலோமீட்டர்

அதிகாலை 4 மணிக்கு ஜொகூர் பாருவில் சைக்கிளில் ஏறி, கோத்தா திங்கி வழியாக வடக்கே ஜெமாலுவாங் வரை போய், அங்கிருந்து மேற்கே திரும்பிக் குளுவாங்கை அடைந்து, ரயில் பாதையை ஒட்டி ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் என்று தெற்கே இறங்கினால், நள்ளிரவுக்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். தூரம் சுமார் 300 கிலோமீட்டர். அதற்கு அனுமதிக்கப்பட்ட நேரம் 20 மணி. நீள்தூர சைக்கிளோட்டிகள் உலகெங்கும் ஏற்றுக்கொண்ட 'ப்ரெவே' விதி இது. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி என்று அந்த ஏணி மேலே போகிறது.

ப்ரெவேயில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. வழியில் குறிக்கப்பட்ட இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். ஒவ்வோர் இடமும் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று அட்டையிலேயே எழுதியிருக்கும். சராசரி வேகம் மணிக்கு 15 கி.மீ.க்குக் கீழே இறங்கினால் கதவு மூடிவிடும். மிக வேகமாக வந்து சேர்ந்தவர் கதவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். பின்னாலேயே துணை வண்டி வரக்கூடாது. டயர் பழுதானால் சொந்தக் கையால் சரிசெய்ய வேண்டும். பசித்தால் வழியிலுள்ள கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டும். பாரிஸ் நகரின் ஓடாக்ஸ் சங்கம் 1921-ல் தொடங்கிய முறை இது. இன்று சென்னையிலும் கோவையிலும்கூட இந்த அட்டையோடு சாலைக்கு வருகிறவர்கள் பலர். 2019-ல் பிரான்சில் நடந்த 1200 கி.மீ. பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஓட்டத்துக்கு இந்தியாவிலிருந்து மட்டும் 300-க்கும் மேற்பட்டோர் போனார்கள்.

நாங்கள் ஐந்து பேர். ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் வெல்டர், மருத்துவமனைத் தாதியாக இருக்கும் தங்கை ஒருவர், நாங்கள் 'அங்கிள்' என்றழைக்கும் சீன சைக்கிள் கடைக்காரர், நான். சங்கம் எதுவும் நடத்திய ஓட்டம் இல்லை. ப்ரெவே விதிகளை அப்படியே ஏற்று, வழியை நாங்களே வகுத்து, ஆளுக்கோர் அட்டை அச்சடித்துக்கொண்டோம். கோத்தா திங்கி, ஜெமாலுவாங், குளுவாங், லாயாங்-லாயாங் என்று நான்கு இடங்களில் கடைக்காரரின் முத்திரையோ கையெழுத்தோ வாங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

ஜொகூரின் மேற்குக் கரையில் பொந்தியான், பத்து பஹாட், மூவார் வழியாகச் செல்லும் தட்டையான சாலை இருக்கும்போது, மேடும் காடுமான இந்த வளையத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. எங்களில் மூவரின் குடும்பங்கள் இந்த வளையத்துக்குள் இருந்த தோட்டங்களிலிருந்து வந்தவை. வீட்டில் பெரியவர்கள் சொன்ன ஊர்ப்பெயர்களை இதுவரை நெடுஞ்சாலைப் பலகைகளில்தான் பார்த்திருக்கிறோம். காரில் போனால் அந்தப் பெயர்கள் கண்ணாடிக்கு வெளியே ஓடிவிடுகின்றன. சைக்கிளில் ஒவ்வொரு பெயருக்கும் அதற்குரிய மேடும் வெயிலும் வாசனையும் சேர்ந்து வரும் என்று நம்பினோம்.

*

தீபகற்ப மலேசியாவில் சூரியன் தாமதமாகத்தான் வரும். 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, கிழக்கு மலேசியாவோடு ஒரே நேரத்துக்கு வந்ததிலிருந்து ஏழு மணியை ஒட்டித்தான் இங்கே விடிகிறது. ஆகவே 4 மணிக்குக் கிளம்புகிறவருக்கு மூன்று மணி நேர இருட்டு நிச்சயம். தெப்ராவ், உலு திராம் என்று கூட்டரசு மூன்றாம் எண் சாலையில் வரிசையாகப் போனோம். முன்விளக்கு, இரண்டு பின்விளக்கு, ஒளி பட்டால் மின்னும் மேற்சட்டை எல்லாம் கட்டாயம். மணல் லோரிகள் அந்த நேரத்திலேயே ஓடத் தொடங்கிவிடும். ஒவ்வொன்றும் கடக்கும்போது காற்று முதலில் தள்ளி, பிறகு உள்ளே இழுக்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் வண்டி ஆடும். தோளைத் தளர்த்தி வைத்திருந்தால் தன் வழியில் போகும்.

40 கி.மீ. தாண்டிக் கோத்தா திங்கியில் முதல் முத்திரை. மாமாக் கடையில் ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, தே தாரேக். மாவு தட்டும் சத்தத்துக்கு நடுவே கடைக்காரர் எங்கள் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கல்லாப்பெட்டி மேலிருந்த கடை முத்திரையை ஐந்திலும் அழுத்தமாகக் குத்தினார். இங்கே பசியாறுவது ருசிக்காக மட்டும் இல்லை. தசையிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்பட்ட மாவுச்சத்து ஏறத்தாழ 2000 கலோரிதான் தரும். 300 கி.மீ.க்கு அதுபோலப் பல மடங்கு வேண்டும். கொழுப்பு நிறைய இருந்தாலும் அது மெல்லத்தான் எரியும். எனவே பசிக்கும் முன்பே, மணிக்கு மணி, கொஞ்சம் கொஞ்சமாக உண்டபடி போக வேண்டும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்காத வலிமையான இளைஞர்கள் 150-ஆவது கிலோமீட்டரில் சாலையோரம் உட்கார்ந்துவிடுவதும், கடைப்பிடிக்கும் அறுபது வயதுக்காரர்கள் நள்ளிரவுக்கு முன் வீடு சேர்வதும் இந்த விளையாட்டில் வழக்கம்.

வெளிச்சம் வரும்வரை நாங்கள் அங்கிருந்து நகரவில்லை. அதற்குக் காரணம் யானை. கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் போகும் சாலையிலும் மெர்சிங்-குளுவாங் சாலையிலும் யானை கடக்கும் எச்சரிக்கைப் பலகைகள் உண்டு. எண்டாவ்-ரொம்பினைச் சுற்றிய காடு ஒரு காலத்தில் ஒரே பரப்பாக இருந்தது. சாலையும் செம்பனையும் அதைத் துண்டு துண்டாக்கின. யானையின் வழி மாறவில்லை. வழியின் குறுக்கே தோட்டம் வந்துவிட்டது. இளஞ்செம்பனையின் குருத்து யானைக்கு விருப்பமான தீனி. ஆகவே மனிதர் நட்டதை அது தின்கிறது, இரவில் சாலையைக் கடக்கிறது. இருட்டில் ஓசையின்றி வரும் சைக்கிள் அதன் முன் திடீரென நிற்பது இருவருக்குமே நல்லதில்லை. தெனுக் என்று மலாய்க்காரர் சொல்லும், முன்பாதி கறுப்பும் நடு முதுகு வெள்ளையுமான தப்பீரும் இதே சாலைகளில் வண்டிகளில் அடிபட்டு இறக்கிறது. இந்த மண்ணின் பழைய குடிகள் தூங்கப் போன பிறகே நாங்கள் கிளம்பினோம்.

*

கோத்தா திங்கிக்கு வடக்கே மலையேற்றம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் சாலை ஒரு நிமிடமும் தட்டையாக இருப்பதில்லை. ஏறி முடித்த மேட்டிலிருந்து அடுத்த மேடு தெரியும். இடதும் வலதும் செம்பனை, இடையிடையே காட்டின் மிச்சம். ஏழரை மணிவரை பனி இருந்தது. காட்டை ஒட்டிய பகுதிகளில் காற்று சட்டென்று குளிரும். தோட்டப் பகுதிக்குள் நுழைந்ததும் சூடாகும். மரம் என்ன செய்கிறது என்பதைத் தோல் அங்கே தெரிந்துகொள்கிறது.

பத்தரை மணிக்கு ஜெமாலுவாங் சந்தி. 115 கி.மீ. முடிந்தது. அங்கே கதவு மூடும் நேரம் 11.40. வரிசைக் கடைகளில் ஒன்றில் முத்திரை வாங்கி, இரண்டு இளநீர் குடித்து, ஆசிரியர் காட்டிய திசையைப் பார்த்தோம். அந்தச் சந்தியிலிருந்து மெர்சிங் பக்கமாகப் போகும் சாலையில்தான் நித்ஸ்டேல் தோட்டம் இருந்தது. 1942 ஜனவரி 26 இரவு, கித்தா (ரப்பர்) மரங்களுக்கு இடையே பதுங்கியிருந்த ஆஸ்திரேலியப் படை, தெற்கே வந்த ஜப்பானியரைத் தாக்கிய இடம்.

அந்தப் போரில் சைக்கிளுக்கு இருந்த பங்கை மலேசியாவில் நீள்தூரம் ஓட்டுகிற எவரும் நினைக்காமல் இருக்க முடியாது. 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் கரையேறிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி 31-க்குள் தீபகற்பத்தின் நீளம் முழுவதையும் கடந்து ஜொகூர் பாருவை எட்டியது. அதன் காலாட்படையில் ஏராளமானோர் சைக்கிளில் வந்தார்கள். போருக்கு முன்பே ஜப்பானியச் சைக்கிள்கள் மலாயாவின் ஊரெங்கும் விற்கப்பட்டிருந்ததால் உதிரி பாகம் கிடைப்பது சுலபமாக இருந்தது. டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்தின் மேல் ஓட்டினார்கள். அந்த ஓசையை இரவில் கேட்டுக் கவச வண்டிகள் வருகின்றன என்று எதிரணி அஞ்சியதாகப் போர்க்குறிப்புகள் சொல்கின்றன.

தமிழர்களுக்கு அந்த ஓசையின் தொடர்ச்சி வேறு. சைக்கிளில் வந்த படை நிலைபெற்ற சில மாதங்களில், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கி.மீ. ரயில் பாதை போட ஆள் தேவைப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆசை காட்டியும் கட்டாயப்படுத்தியும் வண்டி வண்டியாக ஏற்றப்பட்டார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. மாண்ட போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப்பட்டியல்கூட மிஞ்சவில்லை. எங்கள் வெல்டர் நண்பரின் பாட்டனாரின் அண்ணன் அவர்களில் ஒருவர். அதைச் சொல்லிவிட்டு அவர் இளநீர்க் காசைக் கொடுத்து முதல் ஆளாக வண்டியில் ஏறினார்.

*

ஜெமாலுவாங்கிலிருந்து குளுவாங்வரை ஐம்பதாம் எண் சாலை. சுமார் 70 கி.மீ. நடுவே காஹாங் ஒன்றுதான் சொல்லிக்கொள்ளும் ஊர். நிலநடுக்கோட்டிலிருந்து இரண்டு பாகை தள்ளி இருக்கும் இந்த நிலத்தில் நண்பகல் வெயில் தலைக்கு நேராக இறங்கும். சாலையில் நிழல் விழாது. செம்பனை உயரமான மரம்தான், ஆனால் சாலையிலிருந்து தள்ளி நடப்படுவதால் அதன் நிழல் அதற்கே. காற்றில் ஈரம் மிகுதியாக இருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிரவைப்பதில்லை. தங்கை எல்லோரையும் அடிக்கடி எச்சரித்துக்கொண்டே வந்தார்: "அண்ணே, வெறும் தண்ணிய குடிச்சிக்கிட்டே போகாதீங்க. உப்பு இறங்கிடும்." வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் நீரை மட்டும் நிரப்பினால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து, தலைசுற்றி, மயங்கி விழ நேரும். அவர் பையிலிருந்த உப்புக்கரைசல் பொட்டலங்களும், காஹாங் கடையில் வாங்கிய ஊறுகாய் மாங்காயும் அன்று எங்களைக் காத்தன.

காஹாங் தாண்டி அங்கிளின் பின்சக்கரத்தில் காற்று இறங்கியது. செம்பனைத் தோட்டத்து வாயிலில் நின்று, டயரைக் கழற்றி, உள்ளே விரலை ஓட்டித் தேடினார். மெல்லிய கம்பித்துண்டு. லோரி டயர் தேய்ந்து உதிர்க்கும் கம்பி அது. அவர் வேலை முடிக்கும்வரை அந்த டயரைக் கையில் வைத்திருந்தேன். எங்கள் பயணத்தின் பொருள் முழுவதும் அந்தக் கறுப்பு வளையத்தில் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெளிவானது.

ஜான் பாய்ட் டன்லப் பெல்ஃபாஸ்ட் நகரில் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றது 1888-ல். அதுவரை சைக்கிள் என்பது எலும்பை உலுக்கும் பொருள். மூன்றாண்டில், 1891 செப்டம்பரில், 'ல பெத்தி ஜூர்னால்' நாளிதழின் ஆசிரியர் பியேர் ஜிஃபார் பாரிசிலிருந்து பிரெஸ்ட் நகருக்குப் போய்த் திரும்பும் 1200 கி.மீ. பந்தயத்தை நடத்தினார். இன்றும் நடந்துவரும் நீள்தூர சைக்கிள் ஓட்டங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. ஷார்ல் தெரோன் மிஷ்லின் நிறுவனத்தின் கழற்றி மாட்டும் டயரில் ஓட்டினார். அவரது போட்டியாளர் ஜியெல்-லவால் ஓட்டியது டன்லப் டயரில். தெரோன் 72 மணி நேரத்துக்குள் திரும்பி வென்றார். மனிதர்களின் பந்தயமாகத் தொடங்கியது டயர்களின் பந்தயமாகவும் முடிந்தது. காற்றடைத்த டயர் இருந்தால் சாதாரண மனிதர் நாடு விட்டு நாடு போகலாம் என்று ஐரோப்பா நம்பத் தொடங்கியது.

அந்த நம்பிக்கைக்கு ரப்பர் வேண்டியிருந்தது. முதலில் அது அமேசான் காட்டு மரங்களிலிருந்து வந்தது. 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த கன்றுகள் அடுத்த ஆண்டே சிங்கப்பூரை எட்டின. அங்கே பின்னாளில் தாவரத் தோட்டத்தின் தலைவரான ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் பால் எடுக்கும் வெட்டுமுறையைக் கண்டறிந்தார். சைக்கிள் மோகத்தைத் தொடர்ந்து மோட்டார் வண்டி வந்தது. 1910-ல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. மலாயாவின் காடுகள் வரிசை வரிசையாகக் கித்தா மரங்களாயின. அவற்றை வெட்டக் கங்காணிகள் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு கிராமங்களிலிருந்து ஆட்களை அழைத்துவந்தார்கள். டன்லப் நிறுவனமே மலாயாவில் சொந்தத் தோட்டங்கள் வைத்திருந்தது. 1938-ல் இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதைத் தடைசெய்யும்வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.

ஆக, பிரான்சில் ஒருவர் களிப்போடு நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டியதும் ஜொகூரில் ஒருத்தி இருட்டில் கித்தா மரத்தைச் சீவியதும் ஒரே கதையின் இரு முனைகள். நான் ஓட்டும் வண்டி அந்த இரண்டு முனைகளுக்கும் உரியது. சாலையும் அப்படியே. இந்தச் சாலைகளுக்குக் கல்லுடைத்தவர்களிலும் தார் ஊற்றியவர்களிலும் தமிழர் கணிசமாக இருந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு ஓட்டுவதால் மேடு குறையாது. ஆனால் மேட்டைப் பற்றிப் புலம்பும் உரிமை எனக்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடுகிறது.

*

குளுவாங்கை நெருங்கும்போது லம்பாக் மலை முதலில் தெரியும். 510 மீட்டர்தான், ஆனால் சுற்றிலும் தாழ்ந்த நிலம் என்பதால் தலைநிமிர்ந்து நிற்கிறது. மூன்று மணிக்கு ஊருக்குள் நுழைந்தபோது அதன் பின்னால் மேகம் கறுத்துவிட்டது. குளுவாங்கின் பெயரை நாடு முழுவதும் கொண்டுபோனது 1938-ல் ரயில் நிலையத்தில் தொடங்கிய காப்பிக்கடை. காப்பியும், கரி அடுப்பில் வாட்டிக் காயா தடவிய ரொட்டியும் அந்த ஊரின் எந்தக் கடையிலும் நம்பி வாங்கலாம். நாங்கள் உட்கார்ந்த சற்று நேரத்தில் மழை கொட்டத் தொடங்கியது. ஜொகூரின் மாலை மழை அரை மணி நேரத்தில் சாலையை ஆறாக்கும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல வானம் வெளுக்கும். முத்திரை வாங்கி, கால்களை நீட்டி, ஈரமான காலுறையை மாற்றிக்கொண்டு காத்திருந்தோம். 187 கி.மீ. ஆகியிருந்தது. இன்னும் நூற்றுக்குச் சற்று மேல்.

கெமாசிலிருந்து ஜொகூர் பாருவரை ரயில் பாதை 1909-ல் முடிந்தது. அது வந்த பிறகுதான் ஜொகூரின் உட்பகுதி திறந்தது. நிலையத்துக்கு நிலையம் தோட்டங்கள் முளைத்தன. குளுவாங்கைச் சுற்றி லம்பாக், மெங்கிபோல். லாயாங்-லாயாங் பக்கம் உலு ரெமிஸ். தோட்டத்துக்கு ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஓர் ஆயாக்கொட்டகை, வரிசை வரிசையாக லயத்து வீடுகள். 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் மாதச் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கச் செய்தார். துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்படும் மக்களுக்கு அது ஒரு பதிலாக இருந்தது. ஆனால் அதையும் மீறிக் காலம் வேகமாகப் போயிற்று. கித்தாவின் இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே போதும். இளைய தலைமுறை மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் பகுதிகளின் தாமான் (குடியிருப்பு) வீடுகளுக்கு நகர்ந்தது. இன்று தோட்டங்களில் குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். அவர்களும் ஊர் விட்டுக் கடல் கடந்து வந்தவர்கள்.

மழைக்குப் பிறகு குளுவாங்-ரெங்கம் சாலை மின்னியது. ரெங்கம் தாண்டிய ஓரிடத்தில் சாலையோரக் கோயில் ஒன்றின் முன்கூரையில் தண்ணீர் நிரப்ப நின்றோம். உள்ளேயிருந்து ஒரு பாட்டி வந்தார். விளக்கு ஏற்ற எண்ணெய் எடுத்துவந்திருந்தார்.

"எங்கேருந்து தம்பி வர்றீங்க?"

"ஜே.பி.யிலேருந்து பாட்டி. கோத்தா திங்கி, ஜெமாலுவாங், குளுவாங் சுத்தி இப்ப ஜே.பி.க்கே போறோம்."

"சைக்கிள்லயா? யாருப்பா அனுப்பினா?"

"யாரும் அனுப்பலை பாட்டி. நாங்களா வந்தோம்."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் எங்கள் அட்டையை வாங்கிப் பார்த்தார். இன்ன இடத்தில் இத்தனை மணிக்குள் வரவேண்டும் என்ற பகுதியை ஆசிரியர் விளக்கினார். "எங்களுக்கும் இருந்துச்சே," என்றார் பாட்டி. "அஞ்சு மணிக்குப் பெரட்டு. தண்டல் பேரு கூப்பிடும்போது நிக்கலைன்னா அன்னிக்குக் கூலி இல்லை."

அவர் சொன்ன நாள் இப்படி. விடியுமுன் தலையில் விளக்கு கட்டி நிரைக்குப் போக வேண்டும். முந்நூறு, நானூறு மரம். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓடாது என்பதால் குளிரிலேயே சீவி முடிக்க வேண்டும். பட்டையில் அளவாகச் சீவ வேண்டும்; ஆழமாகப் போனால் மரம் காயப்படும், வைவார்கள். பால் மங்குக் கிண்ணத்தில் நிறையும்வரை களை பார்க்க வேண்டும். பிறகு வாளியில் சேர்த்து, காண்டாவில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடக்க வேண்டும். மழை வந்தால் மங்கில் நீர் சேர்ந்து அன்றைய பால் வீண். கைக்குழந்தை ஆயாக்கொட்டகையில். இது ஒரு நாளைய வேலை. இப்படி நாற்பது வருடம்.

நாங்களும் வெயிலுக்கு முன் தூரத்தைக் கடந்துவிட வேண்டும் என்றுதான் இருட்டில் கிளம்பினோம். எங்களுக்கும் மூடும் நேரம் உண்டு, மழை உண்டு, தோள்வலி உண்டு. எங்களை அனுப்பியவர் மட்டும் இல்லை. விரும்பிய இடத்தில் நிறுத்தலாம். ஒரு தொலைபேசி அழைப்பில் கார் வந்து ஏற்றிக்கொண்டு போகும். உழைப்பின் அளவை விடவும் இந்த வித்தியாசம்தான் பெரியது. உடலை வருத்துவதை விருப்பமாகத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஒரு சமூகம் வந்து சேர, அதற்கு முந்திய தலைமுறைகள் விருப்பமில்லாமல் வருந்தியிருக்கின்றன. என் அம்மாவின் அம்மாவும் ரெங்கம் பக்கத்துத் தோட்டமொன்றில் மரம் சீவியவர். இந்தச் சாலையில் அவர் நடந்தார், நான் ஓட்டுகிறேன்.

பாட்டி எங்கள் ஐவர் நெற்றியிலும் திருநீறு பூசினார், அங்கிளுக்கும் சேர்த்து. "விளக்கு போட்டுக்கிட்டுப் போங்க," என்று மட்டும் சொன்னார்.

*

லாயாங்-லாயாங்கில் கடைசி முத்திரை. அப்போது இருட்டிவிட்டது. அங்கிருந்து கூலாய்வரை செம்பனைக்கு நடுவே தனிச்சாலை. நீள்தூரத்தில் இந்தப் பகுதி கடினமானது. கால் வலியைவிட உள்ளங்கை மரத்துப்போவதும் கழுத்து இறுகுவதும் பொறுமையைச் சோதிக்கும். மூளை களைத்தவுடன் கணக்கு போடும் திறமை முதலில் போய்விடுகிறது. மீதமுள்ள கிலோமீட்டரை மணியால் வகுக்கவே தடுமாறினேன். அங்கிள்தான் எல்லோரையும் ஒரே வேகத்தில் பிடித்து வைத்தார். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் வருகிறவர் அதே வேகத்துக்குக் குறைந்த பலமே செலவழிக்கிறார். ஆகவே முறை வைத்து முன்னே போவோம். வெளியுதவி கூடாது என்று விதி சொல்கிறது. ஆனால் உடன் ஓட்டுபவருக்கு உதவுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. அந்த இரவில் மலாயும் தமிழும் கலந்து பேசிக்கொண்டே சென்ற ஐந்து பேரில் தனியாக வீடு சேர்ந்தவர் யாருமில்லை.

கூலாயில் முதலாம் எண் சாலை. வெளிச்சமும் லோரிகளும் சந்திகளும். செனாய், ஸ்கூடாய் கடந்து ஜொகூர் பாரு. நகருக்குள் வந்ததும் நாங்கள் மேலும் கவனமானோம். 2017 பிப்ரவரியில் இந்நகரின் ஜாலான் லிங்காரான் டாலாமில் அதிகாலை மூன்று மணிவாக்கில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த எட்டுச் சிறுவர்கள் கார் மோதி இறந்தார்கள். இரவுச் சாலையில் சைக்கிள் எவ்வளவு எளிதாகக் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதை ஜொகூர் பாருவில் ஓட்டுகிற எவரும் மறக்கக்கூடாது. விளக்கும் மின்னும் சட்டையும் ஆடம்பரமல்ல. அதைவிட அவசரமான தேவை, பிள்ளைகள் பயமின்றி ஓட்டுவதற்குத் தனிப்பாதைகள். சைக்கிளில் விருப்பமுள்ள ஒவ்வொருவரும் நகராண்மையிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கோரிக்கை இது.

பத்தே முக்காலுக்குப் புறப்பட்ட இடம். அனுமதித்த நேரத்தில் இன்னும் ஒரு மணிக்கு மேல் மிச்சமிருந்தது. நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட்டபடி அட்டைகளை வரிசையாக வைத்துப் படம் பிடித்தோம். பாட்டியின் கோயிலில் நாங்கள் முத்திரை கேட்கவில்லை. ஆனால் ஆசிரியர் தம் அட்டையின் ஓரத்தில் அந்த இடத்தின் பெயரையும் நேரத்தையும் பேனாவால் எழுதியிருந்தார். அந்த வரிக்குத்தான் அவர் வீட்டில் அதிக மதிப்பு இருக்கும் என்று நினைக்கிறேன்.

300 கி.மீ. எல்லோருக்கும் உரியதல்ல. ஆனால் இந்த வளையத்தின் ஒரு பகுதி எல்லோருக்கும் உரியது. குளுவாங்கிலிருந்து ரெங்கம் வழியாக லாயாங்-லாயாங் வரையுள்ள சில பத்து கிலோமீட்டரை ஒரு சனிக்கிழமைக் காலையில், வெயில் ஏறுமுன், பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியரோடும் பெற்றோரோடும் நிதானமாக ஓட்டிவிடலாம். தமிழ்ப்பள்ளிகளின் முன்னாள் மாணவர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் அதை எடுத்து நடத்தலாம். முத்திரை குத்தும் இடங்களாகக் கோயில்களையும் பழைய பள்ளிகளையும் லயத்து வீடுகளில் மிஞ்சியிருக்கும் பெரியவர்களின் வாசல்களையும் வைக்கலாம். அட்டையின் பின்பக்கத்தில் அந்தந்தத் தோட்டத்தின் பெயரும், அங்கே வாழ்ந்தவர்கள் சொன்ன ஒரு செய்தியும் எழுதும் இடம் விடலாம். தோட்டங்களை நேரில் அறிந்த தலைமுறை முதுமையின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. அவர்களைக் கேட்பதற்கு இன்னும் கொஞ்ச காலமே இருக்கிறது. சைக்கிள் அந்த வேலைக்கு ஏற்ற வாகனம். அது மெதுவாகப் போகும், கதவு இல்லை, எவர் வாசலிலும் நிற்கும்.